பேட்ஜ் அக்காவும் காணாமல் போன ஆந்தையும்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் பேட்ஜ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்த எதிர்வீட்டுக்காரர்கூட அக்கா என்றே கூப்பிடுவார். ஆரம்பத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, சரி, இந்த வயதில் ஒரு தம்பி கிடைத்தால் கசக்கவா போகிறது என்று விட்டுவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைப் பையில் இருக்கும் பேட்ஜ், நர்ஸுகளின் தோளில் இருக்கும் பேட்ஜ், காவலாளிகளின் தொப்பியில் இருக்கும் பேட்ஜ் எல்லாமே இவள் வீட்டு முன்னறையில் தைத்ததாக இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது நர்ஸுகளுக்குப் பிளாஸ்டிக் அட்டை வந்துவிட்டது. காவலாளிகளுக்கு அச்சடித்த ஸ்டிக்கர் போதும் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பேட்ஜில் ஒரு ஆந்தை, திறந்த புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். புத்தகத்தின் அடியில் ஒரு சிவப்பு நாடா. ஆந்தைக்கு இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் சின்னது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த டிசைனைக் கம்ப்யூட்டரில் தையல் தையலாகப் போட்டு, இவள் மிஷினில் அரை நாள் தைத்தும் பார்த்துக் கொடுத்த பஞ்சிங்காரர் அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாரோ தெரியாது. பள்ளிக்கூடமும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது இரண்டாயிரம் பிள்ளைகள் அந்த ஆந்தையை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் அதுவே பள்ளிக்கூடத்தின் அடையாளம் ஆகிவிட்டது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இவர்களைப் பார்த்தால் ஒரு கண்ணைச் சுருக்கிக் காட்டுவார்கள்.

மிஷின் அவளுடையது. சும்மா வந்ததில்லை. ஒன்பது வருஷம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நூல் வெட்டுகிற வேலை. தைத்து முடித்த துணியில் துருத்திக்கொண்டு நிற்கும் நூலைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், பக்கத்தில் எம்ப்ராய்டரி மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும், தொடக்கூடாது. கம்பெனியை மூடியபோது எல்லோரும் பாக்கிச் சம்பளத்துக்கு வரிசையில் நின்றார்கள். இவள், எனக்குச் சம்பளம் வேண்டாம், அந்த மூலையில் இருக்கிற ஒற்றைத் தலை எம்ப்ராய்டரி மிஷினைக் கொடுங்கள் என்றாள். மேனேஜர் சிரித்தார். கொடுத்தும் விட்டார்.

மிஷினைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்த மெக்கானிக் மூன்று விஷயம் சொன்னார். வாரம் ஒரு தடவை எண்ணெய் போடணும். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடணும். மூன்றாவதாக, திரையின் வலது மூலையில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டி, "இதை மட்டும் தொட்டுடாதீங்க. உள்ளே கம்பெனிக்காரன் என்னென்னமோ வெச்சிருப்பான். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும்" என்றார். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு வாரமும் எண்ணெய் போட்டாள், ஒவ்வொரு நாளும் மூடினாள், அந்தப் பொத்தானைத் துடைக்கும்போதுகூட அழுத்தம் விழாமல் துடைத்தாள்.

அவள் எதிலுமே அப்படித்தான். முன்னறைச் சுவரில் கத்தரிக்கோலுக்கு ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே கத்தரிக்கோலின் உருவம் பென்சிலால் வரைந்திருக்கும், அது இல்லாதபோது இல்லை என்று தெரிவதற்காக. எண்ணெய்க் குப்பிக்கு ஒரு வட்டம். ஊசிப் பெட்டிக்கு ஒரு சதுரம். நூல்கண்டுகள் நிறவரிசைப்படி அடுக்கியிருக்கும். கண்டின் அடியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் உண்டு, ஆனால் அவள் அதைப் பார்த்ததே இல்லை. பதினோரு சிவப்பில் எது எந்தச் சிவப்பு என்று கண்ணே சொல்லிவிடும். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து வேன் சாவியை வைக்கிற இடத்தில் மட்டும் இருபது வருஷமாகத் தோற்றுக்கொண்டே இருக்கிறார்.

பென் டிரைவுகளுக்கும் அதே சட்டம்தான். மிஷினில் சொருகும் குட்டி பென் டிரைவ் ஒன்று, இரண்டு ஜிபி, அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதில் ஆந்தை மட்டும் இருக்கும். மிஷின் அதிலிருந்தே நேராகப் படித்துத் தைத்துவிடும். இன்னொன்று எட்டு ஜிபி, நீல நூல். பன்னிரண்டு வருஷத்து டிசைன்கள் எல்லாம் அதில் இருந்தன. போன வருஷம் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டு, அந்த இடத்துக்கு ஒரு காலிக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து, எல்லாவற்றுக்கும் நீலம் ஒன்றுதான் கதி. ஆனால் நீலத்தை மிஷினில் சொருக முடியாது. அந்த மிஷினுக்கு இரண்டு ஜிபிக்கு மேல் எதைக் காட்டினாலும் பேய் முழி முழிக்கும்.

இப்போது வீட்டுக்காரர் விஷயம். அவர் கெட்டவர் இல்லை. ஒரு கூரியர் கம்பெனி பார்சல் வைக்க அறை தேடியது. முன்னறை தெருவைப் பார்த்து இருந்தது. மிஷின் வருஷத்தில் பத்து மாதம் துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. மிஷினை விற்றுவிட்டு அறையை வாடகைக்கு விடலாமே என்று அவர் கேட்டதில் தப்பில்லை. அவளும் சண்டை போடவில்லை. "பள்ளிக்கூட ஆர்டர் வர்ற வரைக்கும் மிஷின் இருக்கட்டும். அது போச்சுன்னா நானே வித்துடறேன்" என்று வாயை விட்டுவிட்டாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். இந்த வருஷ ஆர்டர் வந்தது: நூற்று அறுபது பேட்ஜ், அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறக்கும்போது கையில் வேண்டும். பள்ளியின் ஸ்டோர்கீப்பர் போனில் இன்னொன்றும் சொன்னார். "இந்தத் தடவை லேட் ஆச்சுன்னா பெரிய கம்பெனிக்குக் கொடுத்துடச் சொல்லியிருக்காங்க அக்கா. என் கையில இல்லை."

ஒரு வாரம் இருக்கிறதே என்று திங்கட்கிழமை காலை மிஷினின் போர்வையை எடுத்தாள். எண்ணெய் போட்டாள். பாபின் மாட்டினாள். சிவப்பு நூல் கட்டிய பென் டிரைவைச் சொருகினாள். மிஷின் மூன்று தடவை கத்தியது.

எடுத்துத் துடைத்துச் சொருகினாள். கத்தியது. ஊதிச் சொருகினாள். கத்தியது. கம்ப்யூட்டரில் போட்டால், இதைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள். கம்ப்யூட்டர் அதை E என்ற எழுத்தில் காட்டியது. அவள் ஒழுங்கானவள் அல்லவா, ஒரு துண்டுக் காகிதத்தில் "சிவப்பு = E" என்று எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டி வைத்தாள்.

தெருமுனை மொபைல் கடைக்காரரிடம் போனாள். அவர் பென் டிரைவைப் பார்க்கவே இல்லை. "ஃபார்மட் பண்ணிடுங்க அக்கா, எல்லாம் சரியாயிடும்."

"உள்ளே இருக்கிறது?"

"அது போயிடும்."

"அப்புறம் எது சரியாகும்?"

"பென் டிரைவ்."

அவரை என்ன செய்ய? இரண்டு ஜிபியில் புதுசாக ஒன்று கொடுங்கள் என்று கேட்டாள். அவர் அவளை ஏதோ மண்ணெண்ணெய் விளக்கு கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இப்பெல்லாம் குறைஞ்சதே அறுபத்து நாலுதான் அக்கா." வாங்கி வந்தாள். மிஷின் அதைப் பார்த்துக் கத்தக்கூட இல்லை. சும்மா நின்றது.

சரி, பழசையே ரிப்பேர் செய்வோம். உள்ளே இருப்பது போனால் போகட்டும், ஆந்தைதான் நீலத்தில் பத்திரமாக இருக்கிறதே. சிவப்பை ஃபார்மட் செய்து, நீலத்திலிருந்து ஆந்தையை எடுத்துப் போட்டால் முடிந்தது. யோசனையில் ஒரு குறையும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஃபார்மட் செய் என்று கம்ப்யூட்டரிடம் சொன்னாள். அது பாதியில், முடியவில்லை என்று கையை விரித்துவிட்டது. ஆகவே பென் டிரைவ் ரிப்பேர் செய்யும் இலவச சாஃப்ட்வேர் என்று தேடினாள். அங்கே ஆரம்பித்தது சனி.

இலவச சாஃப்ட்வேர் தேடியவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கங்களில் டவுன்லோடு என்று எழுதிய பொத்தான் குறைந்தது ஐந்து இருக்கும். பெரியதாக, பச்சையாக, துடித்துக்கொண்டு இருப்பது எதுவோ அது சத்தியமாக நமக்கு வேண்டியது இல்லை. நமக்கு வேண்டியது எங்கேயோ அடியில், சின்ன எழுத்தில், வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கும். அவளுக்கு அது தெரியாது. பச்சையை அழுத்தினாள். வானிலை சொல்கிற ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த பச்சையை அழுத்தினாள். உங்கள் கம்ப்யூட்டரில் முந்நூற்று நாற்பத்தேழு கோளாறு இருக்கிறது என்று ஒன்று அலறியது. மூன்றாவது பச்சை, அவளுடைய பிரவுசரின் முதல் பக்கத்தையே மாற்றி, முன்பின் தெரியாத ஒரு பந்தய விளையாட்டைத் திறந்து வைத்தது. வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, வேலை நேரத்துல கார் ஓட்டிக்கிட்டிருக்கே?"

"வேலையைத்தாங்க பார்த்துக்கிட்டிருக்கேன்."

"எனக்கென்னமோ ரேஸ் மாதிரி தெரியுது."

அவள் எழுந்து போய்ச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு அவர் பட்டினிதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒருவழியாக உண்மையான சாஃப்ட்வேர் ஒன்று கிடைத்தது. சின்னது, சாம்பல் நிறம், பார்த்தாலே வேலைக்காரன் என்று தெரிந்தது. அதைத் திறப்பதற்கு முன், ஆந்தை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று நீல நூல் பென் டிரைவைச் சொருகினாள். இருந்தது. சின்னக் கண்ணோடு அவளைப் பார்த்தது. நிம்மதியாக, பக்கத்து ஓட்டையில் சிவப்பையும் சொருகினாள். சாஃப்ட்வேர் எதை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று கேட்டது. அவள் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். சிவப்பு = E. E-யைத் தேர்ந்தெடுத்தாள். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றாள். உறுதியாகத்தானா என்றது. உறுதி என்றாள், கொஞ்சம் எரிச்சலோடு.

நான்கு விநாடி. பச்சைக் கோடு ஓடி முடிந்தது. வெற்றி என்று போட்டது.

கம்ப்யூட்டருக்கு நூலின் நிறம் தெரியாது. முதலில் வந்தவருக்கு முதல் எழுத்து. நேற்றைக்குச் சிவப்பு தனியாக வந்தது, அதற்கு E. இன்றைக்கு நீலம் முதலில் வந்தது, E அதற்குப் போய்விட்டது. எழுத்துக்குப் பக்கத்திலேயே, எட்டு ஜிபி பென் டிரைவைக் கம்ப்யூட்டர் காட்டும் கணக்கில், ஏழு புள்ளி நான்கு ஜிபி என்று கொட்டை எழுத்தில் எழுதியும் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக நூலைப் பார்த்தே வாழ்ந்தவள் எண்ணை எதற்குப் பார்க்கப் போகிறாள்?

நீலத்தைத் திறந்தாள். வெள்ளையாக இருந்தது. மூடித் திறந்தாள். வெள்ளையாகவே இருந்தது. மானிட்டரில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தைக் கிழித்து, கிழித்ததை மறுபடி கிழித்து, குப்பைக் கூடையில் போட்டாள். காகிதம் என்ன செய்யும்? அது திங்கட்கிழமை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பஞ்சிங்காரரிடம் ஒரு பிரதி இருக்குமே என்று பழைய டைரியிலிருந்து எண்ணை எடுத்துக் கூப்பிட்டாள். ஒரு குரல், "எத்தனை சீட்டு சோபாங்க?" என்றது. தப்பான எண் என்று வைத்துவிட்டு, ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்து மறுபடி போட்டாள். "சொல்லுங்க, எத்தனை சீட்டு?" பழைய சோபா வாங்குகிறவரிடம் அந்த எண் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறதாம். பஞ்சிங்காரர் எங்கே என்று கேட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் நல்ல மனுஷன், "உங்க வீட்ல சோபா இல்லையா, சரி, கட்டில் எதாவது?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

புதன்கிழமை, அழிந்ததை மீட்கிற இலவச சாஃப்ட்வேர். இதற்குள் அவளுக்குப் பச்சைப் பொத்தான்களின் குணம் பிடிபட்டிருந்தது. சின்ன எழுத்தைத் தேடி அழுத்தினாள். நல்ல சாஃப்ட்வேர்தான். இரண்டு மணி நேரம் நீலத்தைத் துழாவிவிட்டு, எல்லா டிசைன் பெயர்களையும் வரிசையாகக் காட்டியது. நர்ஸ், காவலாளி, ஒரு கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்த கைக்குட்டை, எல்லாம். ஆந்தையும் இருந்தது. பக்கத்தில், மீட்கும் நிலை மிக நன்று என்று எழுதியிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எடு என்று அழுத்தினாள். எடுக்க வேண்டுமானால் ஒரு வருஷச் சந்தா கட்டு என்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துக் காட்டுவது இலவசம். கையில் கொடுப்பதற்கு மட்டும் விலை. இதற்கு இலவசம் என்று பெயர் வைத்தவனை நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும். ஆத்திரத்தில் அவள் கட்டிவிடத்தான் பார்த்தாள். வெளிநாட்டுக் கார்டுதான் செல்லும் என்று அது இவர்கள் கார்டை மூன்று தடவை துப்பிவிட்டது.

வேறொன்றைத் தேடினாள். மதியம் கிடைத்தது, இது நிஜமாகவே இலவசம், காசு என்ற பேச்சையே எடுக்கவில்லை. மறுபடி துழாவல், மறுபடி பட்டியல். மீட்டதை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டது. அவளுக்கு இதிலென்ன சந்தேகம்? நீலத்தைக் காட்டினாள். அது ஏதோ ஒரு மஞ்சள் கட்டத்தில் நீளமாக எச்சரித்தது. மூன்று நாளாக எல்லாக் கட்டமும் எதையாவது எச்சரித்துக்கொண்டேதான் இருந்தன. சரி, சரி என்று அழுத்தினாள்.

மாலையில் வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தாள். இவள் விஷயத்தைச் சொன்னாள்.

"சூப்பர்மா. எல்லாம் வந்துடுச்சா?"

"வந்திருக்கு. ஆனா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. ஆந்தை மட்டும் திறக்குது. புத்தகம் இருக்கு, கால் இருக்கு, வயிறு இருக்கு. கழுத்துக்கு மேல ஒண்ணும் இல்லை."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "அம்மா, மீட்டதை எங்கே சேவ் பண்ணினே?"

"எங்கே பண்ணுவாங்க? எடுத்த இடத்துலதான்."

போனில் சத்தமே இல்லை.

"ஏண்டி, லைன்ல இருக்கியா?"

"அம்மா... எடுத்த இடத்துலயே வெச்சா, இன்னும் எடுக்காதது மேலயே போய் உட்கார்ந்துக்கும்மா. முதல்ல வந்தது பின்னாடி வர வேண்டியதை அழிச்சிருக்கும்."

"எடுத்த பொருளை எடுத்த இடத்துல வெச்சது தப்பா?"

"இதுல மட்டும் தப்புமா."

அவள் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். கத்தரிக்கோல் அதன் உருவத்தின் மேல் அச்சாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கித் தூர எறிய வேண்டும்போல இருந்தது. வாழ்க்கையில் எது ஒன்றை ஒழுங்காகச் செய்தாளோ அதுவே அவளைக் கவிழ்த்திருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

வியாழக்கிழமை, நகரத்தில் இருந்த மூன்று பஞ்சிங் கடைகளுக்கு அலைந்தாள். ஒருவர், பள்ளி திறக்கிற சமயம், பத்து நாள் ஆகும் என்றார். இன்னொருவர் பழைய பேட்ஜைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தக் கண்ணைச் சரி பண்ணிடறேன் அக்கா" என்றார். சரி பண்ண வேண்டாம் என்றால் அவருக்குப் புரியவில்லை. தப்பாகப் போட்டுக் கொடுத்தால் என் பெயர் கெட்டுவிடும் என்றார். மூன்றாவது கடை பூட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டிசைனைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்ன அடுத்த நிமிஷம் ஆர்டர் பெரிய கம்பெனிக்குப் போகும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை போகும். வித்தியாசம் நான்கு நாள்தான்.

வெள்ளிக்கிழமை காலை, வேன் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய் நின்றாள்.

"மிஷினுக்கு ஆள் பார்த்து வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே."

அவர் குழாயை மூடினார். "ஏன், ஆர்டர்?"

"இல்லை."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவருக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "நாளைக்கு வரச் சொல்லட்டுமா? இல்லை, ஒரு வாரம் போகட்டுமா?" என்றார்.

"நாளைக்கே வரட்டும். பார்க்கப் பார்க்க எரியுது எனக்கு."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய மிஷின் வியாபாரி இரண்டு ஆட்களோடும் ஒரு குட்டி லாரியோடும் வந்தார். பருமனான ஆள், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. மிஷினைச் சுற்றி வந்து ஊசித் தண்டை ஆட்டிப் பார்த்தார். எண்ணெய்த் தட்டை முகர்ந்தார். "நல்லா வெச்சிருக்கீங்கம்மா. இந்த மாதிரி வெச்சிருக்கிறவங்க விற்க மாட்டாங்க. விற்கிறவங்க இப்படி வெச்சிருக்க மாட்டாங்க" என்றார். வாசற்படியில், ஆட்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அவள் வீட்டிலேயே அவள் ஒதுங்கி நின்றாள்.

அவர் மிஷினை ஓடவிட்டார். திரை ஒளிர்ந்தது. பிறகு, ஒரு யோசனையும் இல்லாமல், வலது மூலையில் இருந்த சின்னப் பொத்தானை அழுத்தினார்.

"அதைத் தொடாதீங்க!" என்றாள் அவள், பழக்கதோஷத்தில்.

"ஏம்மா?"

"உள்ளே கம்பெனிக்காரங்க என்னமோ வெச்சிருக்காங்களாம். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும்."

வியாபாரி சிரித்தார். "இது மெமரிம்மா. டிசைனை உள்ளேயே சேர்த்து வெக்கிற இடம். யாரும்மா உங்களுக்கு இப்படிச் சொன்னது? இதோ பாருங்க, ஒன்பது கிடக்கு. எல்லாம் பழசு. வாங்கறவங்களுக்குக் காலியாத்தான் கொடுக்கணும், அழிச்சிடறேன்." இன்னொன்றை அழுத்தினார். எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது. இரண்டு கட்டம். அவருடைய தடித்த விரல் இடது கட்டத்துக்குப் போனது.

கேள்விக்குப் பின்னால் ஒன்பது குட்டிப் படங்கள் தெரிந்தன. ஒரு காலர் பூ. ஒரு நங்கூரம். ஏதோ எழுத்துகள். கடைசியில், திறந்த புத்தகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும்.

மிஷின் வந்த முதல் நாள், பஞ்சிங்காரர் அரை நாள் இதன் முன்னால் உட்கார்ந்து ஆந்தையைத் தைத்துத் தைத்துப் பார்த்தாரே, அன்றைக்கே உள்ளேயும் போட்டு வைத்திருக்கிறார். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் எப்படி அறையைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வியாபாரியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"கையை எடுங்க."

"அம்மா, என்னம்மா..."

"கையை எடுங்கன்னு சொல்றேன்."

அவர் எடுத்தார். அவள் திரைக்கு முன் குனிந்து, அந்தக் கேள்வியை முதலிலிருந்து கடைசி வரைக்கும் எழுத்து எழுத்தாகப் படித்தாள். இடது கட்டத்தைப் படித்தாள். வலது கட்டத்தைப் படித்தாள். திரும்ப ஒரு தடவை படித்தாள். பிறகு வலது கட்டத்தை அழுத்தினாள். கேள்வி மறைந்தது. ஒன்பது படமும் நின்றன.

அப்போதுதான் அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில். இந்த வாரம் முகம் தெரியாதவர்கள் வைத்த பச்சைப் பொத்தானை எல்லாம் ஒன்று விடாமல் அழுத்தியவள், தன்னுடைய சொந்த மிஷினில், தினமும் துடைத்த ஒரு பொத்தானைப் பன்னிரண்டு வருஷமாக அழுத்தவில்லை. எவனோ சொன்னான், கேட்டுக்கொண்டாள். மெக்கானிக்மேல் கோபம், பஞ்சிங்காரர்மேல் கோபம், சந்தா கேட்ட சாஃப்ட்வேர்மேல் கோபம். எல்லாவற்றையும்விடத் தன்மேல்தான் அதிகம்.

"மிஷின் விற்கலைண்ணே" என்றாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "டீ குடிச்சுட்டுப் போங்க."

"லாரி வெச்சுட்டு வந்திருக்கேன்மா!" வியாபாரி வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்ன சார் இது?"

வீட்டுக்காரர் திரையில் இருந்த ஆந்தையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கூரியர் கம்பெனியும் அவர் மனதில் வந்து போயிருக்கும். "அவங்க மிஷின் சார்" என்றார். "நான் என்ன சொல்றது?"

லாரி போனதும் அவள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஒரு பேட்ஜுக்கு ஏழு நிமிஷம். நூற்று அறுபது. இன்றைக்கு மிச்சம் இருக்கிற பகலும் நாளை முழுப் பகலும் நிறுத்தாமல் ஓடினால் முடிந்துவிடும், ஊசி உடையாமல் இருந்தால், கரண்ட் போகாமல் இருந்தால். மகளுக்குப் போன் போட்டாள். முதல் தையலுக்கு முன்னால் ஆந்தையை இன்னும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைக்க வேண்டும், எப்படி என்று சொல், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கிறேன், நீ கேட்டுவிட்டுச் சொல் என்றாள். மகள், முதலில் தைக்க ஆரம்பி, நாளை மறுநாள் நானே வந்து செய்கிறேன், அதுவரை நீ எதையும் தொடாதே என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது.

துணியை ஃப்ரேமில் மாட்டினாள். பழுப்பு நூலைக் கோத்தாள். மிஷின் அந்தப் பழைய சத்தத்தோடு கிளம்பியது. வீட்டுக்காரர் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"நாளைக்கு நான் வேன் எடுக்கலை. எதாவது பண்ணணுமா?"

"அந்த வரிசையில சிவப்பு எடுங்க. நாடாவுக்கு."

அவர் போய் நின்று பார்த்தார். பதினோரு சிவப்பு இருந்தது. ஒன்றைத் தொட்டார், விட்டார், அடுத்ததைத் தொட்டார். வழக்கமாக இருந்தால் அவள் இங்கிருந்தே, அது இல்லை, அதுக்குப் பக்கத்துல, உங்களுக்குக் கண் இருக்கா இல்லையா என்று கத்தியிருப்பாள். அன்றைக்குக் கத்தவில்லை. பழைய பேட்ஜ் தைத்துக் காலியான சிவப்புக் கண்டை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அடியைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள்.

"இருநூத்தி பதினாலு" என்றாள். "எடுத்துட்டு, அடியில நம்பரைச் சத்தமாப் படிச்சுட்டுக் கொடுங்க."

அவர் ஒவ்வொரு கண்டாகத் திருப்பிப் பார்த்து ஏழாவதை எடுத்தார். "இரண்டு... ஒண்ணு... நாலு" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தார்.

"இன்னொரு தடவை படிங்க" என்றாள் அவள்.

அவர் படித்தார். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.